ஐந்தில் மூன்று ஆள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பேத்கரின் கொலம்பியா நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி அமெரிக்க மக்கள்தொகையில் வந்து நின்றது. சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர், 2045 வாக்கில் அந்த நாட்டில் வெள்ளையர்கள் பாதிக்கும் கீழே போய்விடுவார்கள் என்று தான் படித்ததைச் சொன்னார். கறுப்பர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர், கலப்பினத்தார் எல்லாரும் சேர்ந்து பெரும்பான்மை ஆகிவிடுவார்களாம். சொல்லிவிட்டு அவரே கேட்டார்: "அப்போ அங்க பிரச்சினை முடிஞ்சிடும் இல்லையா தோழர்? எண்ணிக்கைதானே எல்லாம்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் ஊரைவிடக் காலனி பெரிதாக இருக்கிற கிராமங்கள் உண்டு. ஏரி ஏலம் யார் கைக்குப் போகிறது? தேர் எந்தத் தெருவோடு திரும்பிக்கொள்கிறது? அதைச் சொல்லி வாயடைத்திருக்கலாம். ஆனால் கேள்வி அமெரிக்காவைப் பற்றியது. அந்த நாட்டின் தலைக்கணக்கை முதலிலிருந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று சொல்லி வந்தேன். அந்தப் பதில்தான் இது.

அங்கே கணக்கெடுப்பு என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1787-ல் சட்டம் எழுத உட்கார்ந்தபோது எந்த மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்ற சண்டை வந்தது. தலையை எண்ணி இடம் கொடுப்பது என்று முடிவானது. எந்தத் தலையை? தெற்கத்தி மாநிலங்களின் பண்ணை முதலாளிகள், சந்தையில் மாடு மாதிரி வாங்கி விற்ற அடிமைகளையும் ஆளாகச் சேர்த்து எண்ணச் சொன்னார்கள். வடக்கத்திக்காரர்கள் ஒப்பவில்லை. கடைசியில் பேரம் படிந்தது: ஒரு அடிமை என்பது ஐந்தில் மூன்று ஆள். சட்டத்தில் 'அடிமை' என்ற சொல்கூடக் கிடையாது, 'மற்ற எல்லா ஆட்களும்' என்று நாகரிகமாக எழுதிக்கொண்டார்கள். வரி கட்டாத பூர்வகுடிகள் கணக்கிலேயே இல்லை.

இந்த ஐந்தில் மூன்றைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். முழு ஆளாக எண்ணியிருந்தால் நியாயம் நடந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. அடிமைக்கு ஓட்டு இல்லை. அவர் தலையை எண்ணிக் கிடைத்த கூடுதல் இடங்களில் அவருடைய எஜமான்தான் போய் உட்கார்ந்தார். முழுசாக எண்ணியிருந்தால் எஜமானுக்கு இன்னும் சில இடங்கள் கூடியிருக்கும், அவ்வளவுதான். 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் தலையை எண்ணித் தனித்தொகுதி ஒதுக்கி, அதில் யார் ஜெயிப்பது என்பதை ஊர் ஓட்டு தீர்மானிக்கிற ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டும் ஒன்றல்ல, நமக்கு ஓட்டாவது இருக்கிறது. இருந்தாலும் நம் தலையை எண்ணி இன்னொருவர் பலன் அடைகிற அந்தக் கணக்கு எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறது.

முதல் கணக்கெடுப்பு 1790-ல் நடந்தது. மொத்தம் 39 லட்சத்துச் சொச்சம் பேர், அதில் 7 லட்சத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் அடிமைகள். வெள்ளை ஆண்களை வயது பிரித்து எழுதினார்கள். வெள்ளைப் பெண்களுக்கு ஒரே பத்தி. மற்ற சுதந்திர மனிதர்கள் ஒரு பத்தி, அடிமைகள் ஒரு பத்தி. குடும்பத் தலைவருக்கு மட்டும்தான் பெயர்.

1840-ல் நடந்ததுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அந்த வருடம் புத்தி சுவாதீனம் இல்லாதவர்களையும் கணக்கெடுத்தார்கள். முடிவு வந்தபோது தெற்கத்திக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். அடிமையாக இருக்கிற கறுப்பர்களைவிட வடக்கே சுதந்திரமாக இருக்கிற கறுப்பர்களிடம்தான் பைத்தியம் பல மடங்கு அதிகம் என்று கணக்கு காட்டியது. மெய்ன் மாநிலத்தில் 14 கறுப்பருக்கு ஒருவர் பைத்தியமாம்! சுதந்திரம் கொடுத்தால் இவர்களுக்குத் தாங்காது, மூளை கலங்கிவிடும், அடிமைத்தனம்தான் இவர்களுக்கு மருந்து என்று பேச ஆரம்பித்தார்கள். 1844-ல் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் கால்ஹூன் இங்கிலாந்தின் தூதருக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கணக்கையே ஆதாரமாகக் காட்டி அடிமைமுறைக்கு வக்காலத்து வாங்கினார்.

எட்வர்ட் ஜார்விஸ் என்ற வெள்ளை மருத்துவர் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். பைத்தியம் பிடித்த கறுப்பர்கள் இருப்பதாக எழுதப்பட்ட ஊர்கள் சிலவற்றில் கறுப்பர்களே கிடையாது. வூஸ்டர் என்ற ஊரில் அரசு மனநல மருத்துவமனையில் இருந்த 133 வெள்ளை நோயாளிகளை அப்படியே கறுப்பர் பத்தியில் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித் என்ற கறுப்பின மருத்துவர் நியூயார்க்கிலிருந்து புள்ளிவிவரத்தோடு மறுப்பு எழுதினார். அடிமையாகப் பிறந்தவர் அவர். அமெரிக்கக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளாததால் கிளாஸ்கோ போய் மருத்துவம் படித்து வந்தவர். கணக்கைத் திருத்தச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு மனுக்கள் போயின. திருத்தவில்லை. ஒரு பத்தி தள்ளி எழுதியதில் ஒரு இனத்துக்கே பைத்தியப் பட்டம். அது வெறும் கைத்தவறா, வேண்டுமென்றே செய்ததா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. தவறு என்று தெரிந்த பிறகும் அதைத் திருத்தாமல் வைத்திருந்தார்களே, அது கைத்தவறு இல்லை.

இந்த இடத்தைப் படிக்கும்போது எங்கள் ஆயா ஞாபகம் வந்தது. 2001 கணக்கெடுப்புக்கு வந்தவர் காலனிக்குள் வரவில்லை. தெரு முனைப் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் அங்கே வரச் சொன்னார். "வயசு என்னா?" என்றார். "எனக்கு எங்க தெரியும் சாமி, நீயே பாத்துப் போட்டுக்க" என்றது ஆயா. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அறுபது என்று எழுதினார். ஆயாவுக்கு எண்பதுக்குக் குறையாது. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன், பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

1850-ல் அமெரிக்காவில் எல்லாருடைய பெயரையும் எழுதுவது என்று புது முறை வந்தது. அடிமைகளின் பெயரையும் எழுதலாம் என்ற யோசனை வந்தபோது செனட்டில் தெற்கத்தி உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். யோசனை கைவிடப்பட்டது. அடிமைகளுக்கென்று தனித் தாள் அடித்தார்கள். அதில் மேலே எஜமானின் பெயர் இருக்கும். கீழே வரிசையாக ஒரு எண், வயது, ஆணா பெண்ணா, நிறம். முப்பது வயது, பெண், கறுப்பு. நான்கு வயது, ஆண், முலாட்டோ. இப்படிப் பக்கம் பக்கமாக. அந்த 'முலாட்டோ' என்ற கலப்பினச் சொல்லும் 1850-ல்தான் கணக்குக்குள் வந்தது. முப்பது வயது அம்மா கறுப்பு, நான்கு வயதுப் பிள்ளை முலாட்டோ என்றால் அப்பன் யார் என்று கேட்கத் தாளில் பத்தி இல்லை. பல தாள்களில் விடை உச்சியிலேயே, எஜமானின் பெயராக எழுதியிருக்கிறது.

1860-ல் அடிமைகள் 39 லட்சத்துக்கும் மேல். உள்நாட்டுப் போர் முடிந்து 1865-ல் அடிமைமுறை ஒழிந்தது. 1870 கணக்கெடுப்பில்தான் அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் முதல்முறையாகப் பெயரோடு எழுதப்பட்டார்கள். இன்றைக்கும் தன் பாட்டன் முப்பாட்டனைத் தேடிப் போகிற கறுப்பர் 1870 வரைக்கும் போய் அங்கே சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறார்.

மகாத்மா புலே 1873-ல் 'குலாம்கிரி' நூலை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். சூத்திரரும் ஆதிசூத்திரரும் பார்ப்பன அடிமைத்தளையிலிருந்து விடுபட அந்த உதாரணம் உதவும் என்று அவர் நம்பினார். நம்பிக்கை பொய் இல்லை. ஆனால் அடிமைத்தளை போன இடத்தில் பத்தி கிழிக்கிற வேலை இன்னும் நுணுக்கமாக ஆரம்பித்தது. 1890-ல் கால் பங்கு கறுப்பு ரத்தம் இருந்தால் 'குவாட்ரூன்', எட்டில் ஒரு பங்கு இருந்தால் 'ஆக்டரூன்' என்று பிரித்து எழுதச் சொன்னார்கள். வீட்டு வாசலில் நிற்கிற கணக்காளர் முகத்தைப் பார்த்து எட்டில் ஒன்றா நாலில் ஒன்றா என்று சொல்லிவிட வேண்டும்! மனு தன் பத்தாம் அத்தியாயத்தில் எந்த வர்ண ஆணும் எந்த வர்ணப் பெண்ணும் சேர்ந்தால் பிறப்பது யார் என்று பட்டியல் போட்டு, சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவர் சண்டாளர் என்று முடிவு கட்டினாரே, அதே உத்தியோகம். 1930-ல் இந்தச் சிரமமும் வேண்டாமென்று, ஒரு துளி கறுப்பு ரத்தம் இருந்தாலும் நீக்ரோ என்றே எழுது என்று உத்தரவு போட்டார்கள்.

இதற்கிடையே சீனரைத் தனியாக எழுதினார்கள், 1882-ல் சீனத் தொழிலாளிகள் உள்ளே வரவே தடைச்சட்டம் போட்டார்கள். 1930-ல் மட்டும் 'மெக்சிகர்' ஒரு இனம். எதிர்ப்பு கிளம்பியதும் 1940-ல் அவர்கள் மறுபடி வெள்ளையர் ஆனார்கள். நம்மவர்கள்? 1920, 1930, 1940 மூன்று கணக்கிலும் 'இந்து' என்பது ஒரு இனம். போனவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள், முஸ்லிம்களும் உண்டு. எல்லாரும் 'இந்து' பத்திதான்.

இங்கே இரண்டு பஞ்சாபிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரும் பிழைக்கப் போய் அமெரிக்காவின் மேற்குக் கரையில் கூலி வேலை செய்தவர்கள். இருவருக்கும் வெள்ளை ஏகாதிபத்தியத்தை எதிர்த்த கதர் இயக்கத்தோடு தொடர்பு உண்டு.

ஒருவர் பகத்சிங் திண்ட். தூக்கில் போட்ட பகத்சிங் அல்ல, இவர் வேறு. 1913-ல் அமெரிக்கா போனவர். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார், தலைப்பாகையோடு. குடியுரிமை கேட்டார். 1790-ன் சட்டப்படி வெள்ளையருக்கு மட்டும்தான் குடியுரிமை. 1870-க்குப் பிறகு ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் உண்டு. ஆகக் குடியுரிமை வேண்டுமானால் வெள்ளையன் என்று நிரூபிக்க வேண்டும், அல்லது கறுப்பன் என்று நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டமே அநியாயம் என்று வாதாடியிருக்கலாம். தோற்றிருப்பார், ஆனால் வாதம் நின்றிருக்கும். திண்ட் தரப்பு அப்படிப் போகவில்லை. நான் ஆரியன், உயர்சாதி, ஆகவே காக்கேசிய இனம், ஆகவே வெள்ளையன் என்று போனார்கள். ரத்தம் கலக்கவில்லை என்பதற்கு அவர்கள் காட்டிய அத்தாட்சி எது தெரியுமா? சாதி! எங்கள் சாதிக் கட்டுப்பாடு கலப்பை அனுமதிக்காது என்றார்கள். அதோடு நிற்கவில்லை. கல்யாண விஷயத்தில் அமெரிக்கன் நீக்ரோவை எப்படிப் பார்க்கிறானோ அப்படித்தான் உயர்சாதி இந்து இந்தியாவின் பூர்வகுடியைப் பார்க்கிறான் என்று உச்சநீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

நான் இதை முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏழாயிரம் மைலுக்கு அப்பால், சாதி என்றால் என்னவென்றே தெரியாத நீதிபதிகள் முன்னால், எங்கள் ஆயாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு நிறுத்தின மாதிரி இருந்தது. இவளைத் தொடமாட்டேன், அதனால் நான் உங்க ஆளு. சாதி வேண்டாம் என்று சொன்ன குருமார்களின் மதத்தில் பிறந்தவரின் வழக்கு அது. ஆங்கிலேயனை எதிர்த்த இயக்கத்துக்காரரும்கூட. எதிர்ப்பும் சாதிப் பெருமையும் ஒரே தலைப்பாகைக்குள் குடியிருக்க முடியும் என்பது நமக்கு ஒன்றும் புதிதில்லையே.

1923 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. விஞ்ஞானி என்ன சொன்னாலும் சரி, சாதாரண வெள்ளைக்காரன் உன்னை வெள்ளை என்று நினைக்கமாட்டான், அதனால் நீ வெள்ளை இல்லை என்று எல்லா நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் குடியுரிமையும் சொத்துரிமையும் போய், 1928-ல் தற்கொலை செய்துகொண்டார். கடிதம் எழுதி வைத்துவிட்டுச் செத்தார், பத்திரிகையில் வந்தது. அந்தச் சாவை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இனவெறி அவரைக் கொன்றது. ஆனால் அந்த இனவெறியை எதிர்த்து நிற்க வேண்டியவர்கள் அதன் பந்தியில் தங்களுக்கும் ஒரு இலை போடச் சொன்னார்கள் என்பதும் சேர்த்து எழுதப்பட வேண்டிய வரலாறு.

இன்னொரு பஞ்சாபி, மங்கூ ராம். ஹோஷியார்பூர் மாவட்டம் முகோவாலில், தோல் வேலை செய்கிற சமார் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து படித்தவர். 1909-ல் கலிஃபோர்னியா போய்ப் பழத்தோட்டங்களில் கூலி வேலை செய்தார். கதர் இயக்கத்துக்காக ஆயுதக் கப்பல் ஏறினார். பல வருடம் அலைந்து 1925-ல் ஊர் திரும்பினார். ஊர் அப்படியேதான் இருந்தது. 1926-ல் அவரும் தோழர்களும் ஆதி தர்ம இயக்கத்தை ஆரம்பித்தார்கள். நாங்கள் இந்துவும் இல்லை, சீக்கியரும் இல்லை, முஸ்லிமும் இல்லை, இந்த மண்ணின் ஆதிகுடிகள், எங்களைத் தனியாக எழுது என்று சென்சஸ்காரர்களிடம் கேட்டார்கள். எழுதக் கூடாது என்று ஊர்க்காரர்கள் அடித்தார்கள், மிரட்டினார்கள். அப்படியும் 1931 பஞ்சாப் கணக்கெடுப்பில் 4,18,789 பேர் ஆதிதர்மிகளாகப் பதிவானார்கள்.

ஒரே கரையில் கூலி வேலை செய்த இரண்டு பேர். ஒருவர் ஆதிக்கக்காரனின் பத்திக்குள் நுழைய நம்மை உதறினார். இன்னொருவர் இல்லாத பத்தியை உண்டாக்கினார். திண்டின் வழக்கு அமெரிக்கப் புத்தகங்களில் இடம் பிடித்துவிட்டது. மங்கூ ராமைப் பற்றித் தமிழில் நாம் இன்னும் சரியாக எழுதவில்லை.

மிச்சக் கதையை வேகமாகச் சொல்கிறேன். கறுப்பர்களின் போராட்டத்தால் 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது, 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதே 1965-ல், அதே காற்றில், குடியேற்றச் சட்டமும் மாறியது. நாடு பார்த்து இன்னின்னாருக்கு இத்தனை என்று வைத்திருந்த கோட்டா போனது. ஆசியாவிலிருந்து டாக்டர்களும் என்ஜினியர்களும் போனார்கள். அந்தக் காலத்தில் நம் நாட்டில் யார் வீட்டில் டாக்டரும் என்ஜினியரும் இருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 1970 கணக்கில் இந்தியர்களை வெள்ளையர் பத்தியிலேயே சேர்த்துவிட்டார்கள். திண்ட் கேட்டது கேட்காமலே கிடைத்தது! ஆனால் இப்போது கணக்கு வேறு. சிறுபான்மையினருக்கான பாதுகாப்பும் தொழில் சலுகையும் வந்துவிட்டதால் வெள்ளையாக இருப்பதில் லாபம் இல்லை. இந்தியச் சங்கத்துக்காரர்கள் மனுப் போட்டு, 1980-ல் 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டம் வாங்கினார்கள். அந்தக் கட்டத்தை நான் குறை சொல்லவில்லை, நிறவெறி அவர்களுக்கும் உண்டு. ஆனால் கறுப்பர் ரத்தம் சிந்திக் கொண்டுவந்த உரிமையில் அங்கே பங்கு வாங்கிக்கொண்டே, இங்கே மண்டல் என்றதும் 'தகுதி போச்சு, திறமை போச்சு' என்று அழுத குடும்பங்கள் எத்தனை.

1967 வரை அங்கே பல மாநிலங்களில் வெள்ளையரும் கறுப்பரும் கல்யாணம் செய்வது குற்றம். உச்சநீதிமன்றம் அந்த வருடம்தான் அந்தச் சட்டங்களை ரத்து செய்தது. 2000 கணக்கில் முதன்முதலாக ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க அனுமதித்தபோது 68 லட்சம் பேர் அப்படிக் குறித்தார்கள். 2010-ல் 90 லட்சம். 2020-ல் 3 கோடியே 38 லட்சம்! பத்து வருடத்தில் இவ்வளவு பிள்ளைகள் பிறந்துவிடவில்லை. கேள்வியின் அமைப்பையும் விடையைப் பதிகிற முறையையும் மாற்றியதுதான் முக்கியக் காரணம். லத்தீன் அமெரிக்கர் அல்லாத வெள்ளையர் 2010-ல் 63.7 சதவீதம், 2020-ல் 57.8 சதவீதம். 'வேறு இனம்' என்ற கட்டத்தைத் தனியாகவோ மற்றதோடு சேர்த்தோ குறித்தவர்கள் மட்டும் 4 கோடியே 99 லட்சம் பேர். அதில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்கர்கள். கொடுத்த எந்தக் கட்டத்திலும் நாங்கள் இல்லை என்று அவ்வளவு பேர் சொல்கிறார்கள்.

அந்த 2045-க்கு வருகிறேன். 2008-ல் மதிப்பிட்டபோது 2042 என்றார்கள். பிறகு 2043, 2044 என்று தள்ளிப்போய் 2018-ல் 2045 ஆனது. வெள்ளைத் தகப்பனுக்கும் மெக்சிகத் தாய்க்கும் பிறந்த பிள்ளையை எந்தப் பத்தியில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த வருடம் நகரும். ஐரிஷ்காரரையும் இத்தாலிக்காரரையும் ஒரு காலத்தில் ஏளனமாக ஒதுக்கி வைத்தவர்கள்தான் பிறகு தங்கள் கூட்டத்தில் கரைத்துக்கொண்டார்கள். பெரும்பான்மைக்கு ஆள் குறைந்தால் வாசலைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொள்ளும். அந்த வாசலுக்கு வெளியே கடைசிவரை யாரை நிறுத்தி வைக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எண்ணியதிலும் ஓட்டை. 2020 கணக்கு முடிந்த பிறகு கணக்கெடுப்புத் துறையே சரிபார்த்துச் சொன்னது: கறுப்பர்களில் 3.3 சதவீதம், லத்தீன் அமெரிக்கர்களில் கிட்டத்தட்ட 5 சதவீதம், ஒதுக்கப்பட்ட நிலங்களில் வாழும் பூர்வகுடிகளில் 5.6 சதவீதம் விடுபட்டிருக்கிறார்கள். லத்தீன் அமெரிக்கர் அல்லாத வெள்ளையரோ 1.6 சதவீதம் கூடுதலாக எண்ணப்பட்டிருக்கிறார்கள். கணக்கை வைத்துத்தான் பிரதிநிதித்துவம், பள்ளிக்கூட நிதி, சாலை எல்லாம். புளியமரத்தடி நாற்காலி அங்கேயும் இருக்கிறது.

நம்ம கட்டங்களும் யோக்கியமில்லை. எங்கள் தெருவில் ஆயா வீடு எஸ்சி. அடுத்த சுவர் என் பெரியம்மா வீடு. அவர்கள் கோயிலுக்குப் போகாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள், 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்சி இல்லை. சீக்கியருக்கு 1956-லும் பவுத்தருக்கு 1990-லும் கதவு திறந்தது, கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. ஊர் டீக்கடையில் இரண்டு வீட்டுக்கும் ஒரே தனி டம்ளர்தான் வைத்திருந்தார்கள். 2027 கணக்கெடுப்பில் எல்லாச் சாதியையும் எழுதப்போவதாக 2025-ல் ஒன்றிய அரசு அறிவித்தது. பெரியம்மா வீட்டை எந்தப் பத்தியில் எழுதுவார்கள் என்பதை நாம் பக்கத்தில் நின்று பார்த்தாக வேண்டும்.

என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் ஒருவன் நியூ ஜெர்சியில் கணினி வேலையில் இருக்கிறான். எங்கள் பக்கத்துக் காலனிக்காரன். 2020 கணக்கெடுப்புப் படிவம் வந்தபோது போன் பண்ணினான். அங்கே 'ஆசிய இந்தியர்' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் போதும், ஒரு நிமிட வேலை. அந்த வருடத்துப் படிவப்படி அவனையும் சேர்த்து அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 44 லட்சம் பேர் எண்ணப்பட்டார்கள். அவன் போன் பண்ணியது அதற்கில்லை. அவன் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் நம்ம ஊர்தான், அவனோடு அதே அலுவலகம். சேர்ந்த புதிதில் ஒரு விருந்தில் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்திருக்கிறார். தட்டிய கை தோளிலிருந்து குறுக்கே கொஞ்சம் தடவிப் பார்த்திருக்கிறது, நூல் இருக்கிறதா என்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இவனுக்கு அழைப்பில்லை.

"கீழ 'வேறு இனம்'னு ஒரு கோடு விட்டிருக்கான்டா, நாமளே எழுதிக்கலாமாம்," என்றான். "எழுதட்டுமா?"

"என்னன்னு எழுதுவ?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். நாலு நாள் கழித்து வேறு ஏதோ பேசும்போது கேட்டேன். எல்லாரையும் போல ஆசிய இந்தியரில் அடித்து அனுப்பிவிட்டதாகச் சொன்னான்.